மகளைப் பார்க்க வந்தவர்கள் யாருடைய விருந்தினர்?

தொலைதேசத்துத் தொண்டர்கள் – 11

அயல்நாட்டில் தங்கித் தொண்டு செய்பவரைப் பார்க்க அவருடைய பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ வந்துசெல்லும் நாட்களுக்குத் தொண்டு அமைப்புகளின் ஆண்டறிக்கைகளில் இடமில்லை. நட்ட மரக்கன்றுகளும் நடத்திய வகுப்புகளும் எண்ணிக்கையாகப் பதிவாகும் அந்தப் பக்கங்களுக்கு வெளியே, விடுப்புப் பதிவேட்டில் கழிக்கப்படும் சில நாட்களாக மட்டுமே அந்த வருகை எஞ்சுகிறது. தொண்டர் வாழும் ஊரின் பக்கத்திலிருந்து பார்த்தால், இரண்டாண்டுப் பணிக்காலத்தில் அந்த ஊர் மிக அதிகமாகத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்வதும், தொண்டர் கிளம்பிய பிறகும் நெடுநாள் பேசிக்கொண்டிருப்பதும் அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் பணிபுரிந்துவந்துள்ள அமெரிக்கத் தொண்டர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்த வாரத்தில் யார் யாரை உபசரிக்கிறார்கள், அந்த உபசரிப்பின் சுமை யார் தோளில் இறங்குகிறது, அது தொண்டருடைய பணியை எவ்வாறு மாற்றுகிறது என்பவற்றை இந்தப் பகுதி ஆராய்கிறது.

இத்தொண்டர்களை அனுப்பும் பீஸ் கோர் என்பது அமெரிக்க அரசின் தன்னார்வத் தொண்டு அமைப்பாகும். 1961 மார்ச் 1 அன்று குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி பிறப்பித்த ஆணையால் தொடங்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் சட்டமாக உறுதிப்பட்ட இந்த அமைப்புக்குக் கென்னடியின் மைத்துனர் சார்ஜென்ட் ஷ்ரைவர் முதல் இயக்குநராக இருந்தார். பயிற்சி பெற்ற ஆட்கள் தேவைப்படும் நாடுகளுக்கு அவர்களை அளிப்பது, அமெரிக்கர்களைப் பற்றி அந்நாட்டு மக்களிடம் சரியான புரிதலை வளர்ப்பது, அந்நாட்டு மக்களைப் பற்றி அமெரிக்கர்களிடம் சரியான புரிதலை வளர்ப்பது என்று மூன்று நோக்கங்கள் அதற்கு வகுக்கப்பட்டன. பிற்பாடு வரவிருக்கும் வாதத்துக்கு இவற்றுள் கடைசி இரண்டும் முக்கியமானவை. செனகலில் 1963 முதல் பீஸ் கோர் இயங்கிவந்திருக்கிறது. அங்கே செல்பவர் தியெஸ் நகரிலுள்ள பயிற்சி மையத்தை நடுவமாகக் கொண்டு ஏறத்தாழ மூன்று மாதங்கள் மொழியும் தொழிலும் கற்று, பிறகு ஓர் ஊரில் 24 மாதங்கள் உழவு, காடு வளர்ப்பு, பொதுச் சுகாதாரம் போன்ற துறைகளில் பணிபுரிகிறார். பணிக்காலத்தில் மாதத்துக்கு இரண்டு நாட்கள் வீதம் விடுப்பு சேர்கிறது. பயிற்சிக் காலத்திலும், பணியின் முதல் மூன்று மாதங்களிலும், கடைசி மூன்று மாதங்களிலும் பொதுவாக அதை எடுக்க இயலாது. வருகின்ற குடும்பத்தாரின் பயணச் செலவுக்கோ மருத்துவத்துக்கோ அமைப்பு பொறுப்பேற்பதில்லை. ஆகவே உறவினர் வருகை பெரும்பாலும் பணிக்காலத்தின் நடுப்பகுதியில், தொண்டர் மொழியில் ஓரளவு தேறி, ஊரில் ஓரளவு வேர்பிடித்த பிறகே நிகழ்கிறது. இது விதியால் நேர்ந்த நன்மை என்றே சொல்ல வேண்டும்.

தொடக்க காலத்தில் இத்தகைய வருகைகள் அரியவையாக இருந்தன. இந்தியாவுக்கும் 1976 வரை பீஸ் கோர் தொண்டர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பெயர்பெற்றவரான லிலியன் கார்ட்டர், செவிலியராகப் பயிற்சி பெற்றவர், தம் 68ஆம் வயதில், 1966இல், பம்பாயை அடுத்த விக்ரோலியில் கோத்ரெஜ் தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பணிக்கு வந்து 1968 வரை தங்கியிருந்தார். அவருக்கும் ஜார்ஜியா மாநிலத்திலிருந்த பிள்ளைகளுக்கும் இடையில் கடிதங்களே ஓடின. அவை பின்னர் 1977இல் நூலாகவும் வெளிவந்தன. அந்தப் பிள்ளைகளில் ஒருவரான ஜிம்மி கார்ட்டர் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகி, 1978 ஜனவரியில் டெல்லிக்கு அருகில் ஹரியாணாவிலுள்ள தௌலத்பூர் நசீராபாத் என்ற சிற்றூருக்குச் சென்றபோது, அவ்வூர் அவரை அயல்நாட்டுத் தலைவராக மட்டும் வரவேற்கவில்லை. இந்தியாவில் தொண்டு செய்த ஒரு தாயின் மகனாகவும் கண்டது, கார்ட்டர்புரி என்று தன் பெயரையே மாற்றிக்கொண்டது. தொண்டரின் குடும்பத்தார் வந்து நிற்கும்போது ஓர் ஊர் அவர்களிடம் உறவையே முதலில் தேடுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. இன்று விமானக் கட்டணம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் நிலைக்கு வந்துவிட்டது; வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் இரு வீட்டாரும் முன்பே முகம் பார்த்துக்கொள்கிறார்கள்.

செனகல் ஊரில் தொண்டர் குடியிருக்கும் இடத்தின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். வோலோஃப் மொழியில் கெர் எனப்படும் வீடு, ஒரு வேலிக்குள் பல குடிசைகளும் ஒரு முற்றமும் ஒரு சமையலிடமும் அமைந்த கூட்டுக் குடும்ப வளாகமாகும். அதில் மூத்த ஆண், அவருடைய மனைவியர், மணமான மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று பலர் சேர்ந்து வாழ்கிறார்கள். தொண்டருக்கு அந்த வேலிக்குள் ஒரு தனிக் குடிசை ஒதுக்கப்படுகிறது. அவர் வீட்டாரோடு சேர்ந்து உண்கிறார், உணவுக்கென மாதந்தோறும் ஒரு தொகை தருகிறார், வீட்டுத் தலைவரை அப்பா என்றும் அவர் மனைவியை அம்மா என்றும் அழைக்கிறார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் செல்லும் தமிழ்ப் பெற்றோருக்கு, அந்த வீடு மகனுடையது என்பதில் ஐயம் எழுவதில்லை. செனகலுக்கு வரும் பெற்றோரின் நிலை அப்படிப்பட்டதன்று. அவர்களுடைய மகள் அங்கே வீட்டுக்காரி அல்லள். இன்னொரு தாய் தகப்பனின் கூரையடியில் மகளாக இருப்பவள். எனவே, விமான நிலையத்தில் கையசைத்து வரவேற்பவள் மகளாக இருந்தாலும், அந்த விருந்தை ஏற்று நடத்துபவர்கள் ஊர்ப் பெற்றோரே. தன் பெற்றோரைத் தானே உபசரிப்பதாக எண்ணிக்கொண்டு திட்டம் தீட்டும் தொண்டர், ஊர்ப் பெற்றோருக்கு உரிய இடத்தை அறியாமலே பறித்துக்கொள்கிறார். இத்தகைய வருகைகளில் எழும் மனத்தாங்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே வேர்.

உறவின் இந்த ஏற்பாடு பெயரிலிருந்தே தொடங்குகிறது. தொண்டருக்கு ஊர்வீட்டார் ஒரு பெயரும் தங்கள் குலப்பெயரும் சூட்டுகிறார்கள்; ஓராண்டு கழிந்த பிறகு ஊரில் பலருக்கு அவருடைய அமெரிக்கப் பெயர் தெரியாது. குலப்பெயர் வெறும் அடையாளமாக நின்றுவிடுவதும் இல்லை. மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் கேலி உறவு என்று வகைப்படுத்திய வழக்கம் செனகலில் உயிரோட்டத்துடன் இருக்கிறது. ங்ஜாய் குலத்தாரும் ஜோப் குலத்தாரும், பா குலத்தாரும் ஜாலோ குலத்தாரும் ஒருவரையொருவர் சோற்றுப் பெருந்தீனிக்காரர் என்றும் தம் அடிமை என்றும் வெளிப்படையாகக் கேலி செய்துகொள்வதற்கு உரிமையுடையவர்கள், அக்கேலிக்குக் கோபம் கொள்ளக் கூடாது. நம் ஊர்களில் மாமன் மச்சான் முறையுடையவர்கள் திருமண வீட்டில் ஒருவரையொருவர் வாரிக்கொள்வதை இதற்கு ஒப்பிடலாம். வேறுபாடு என்னவென்றால், அங்கே முன்பின் அறியாத இருவர் சந்தையில் பெயர் கேட்டறிந்த அந்தக் கணமே இந்த உரிமை பிறந்துவிடுகிறது. மகள் ங்ஜாய் என்றால் அவளைப் பார்க்க வந்த தாயும் ங்ஜாய்தான். வந்த மறுநாள் காய்கறிச் சந்தையில் ஜோப் குலத்துப் பெண்ணொருத்தி அந்தத் தாயைப் பார்த்து, இவ்வளவு தொலைவு எங்கள் சோற்றைத் தின்னவா வந்தாய் என்று உரக்கக் கேட்க, சுற்றியிருப்பவர்கள் சிரிக்க, மகள் அதே தொனியில் பதில் சொல்வதைக் காணும்போது, தன் பிள்ளை ஒரு சமூகத்துக்குள் எவ்வளவு தொலைவு சென்றிருக்கிறாள் என்பது அந்தத் தாய்க்கு எந்த விளக்கமும் இல்லாமல் விளங்கிவிடுகிறது.

பயணத்தின் முதற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மலேரியாத் தடுப்பு மாத்திரைகளைத் தொடங்கிவிட்டுத் தலைநகர் டக்காரில் இறங்குபவர்கள், 1978 முதல் உலக மரபுச் சின்னமாக விளங்கும் கோரே தீவுக்குப் படகில் சென்று அடிமை வணிகத்தின் நினைவிடத்தைப் பார்க்கிறார்கள். சிலர் வடக்கே சான் லூயி நகரத்துக்கும் போகிறார்கள். பிறகு தொண்டரின் ஊரை நோக்கிய நெடும்பயணம் தொடங்குகிறது. தென்கிழக்கு மூலையிலுள்ள கெதுகு வட்டாரம் தலைநகரிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர். தொண்டர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்குத் தடை இருப்பதாலும் வாடகைக் கார் பெரும் செலவு என்பதாலும், செத் பிளாஸ் எனப்படும் ஏழு இருக்கை வண்டியே பலருக்கு வாய்க்கிறது. பழைய பெஜோ கார்களில் ஓட்டுநர் நீங்கலாக ஏழு பேரை ஏற்றி, ஏழு இருக்கையும் நிரம்பிய பிறகே அது நிலையத்தை விட்டுக் கிளம்பும். நான்கு பேர் கொண்ட குடும்பம் எஞ்சிய மூன்று இருக்கைகளுக்கும் பணம் கட்டி உடனே புறப்படுவதும் உண்டு. இந்தத் தொலைவுக்கும் வெயிலுக்கும் அஞ்சி, கடற்கரை விடுதியில் குடும்பத்தாரைத் தங்கவைத்து, ஊர்ப் பக்கம் ஒரு பகல் மட்டும் தலைகாட்டிவிட்டுத் திரும்பும் தொண்டர்கள் இருக்கிறார்கள். முதியவர்களின் உடல்நிலை அதற்குக் காரணமானால் குறைகூற முடியாது. மற்றபடி, பகற்பொழுது வருகை ஊர்வீட்டாருக்குச் செய்யும் அவமதிப்பாகவே முடிகிறது. இரவு தங்காதவர் அங்கே விருந்தினராகக் கணக்கில் வருவதில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் நிகழ வேண்டியது வணக்கச் சுற்று. பெட்டிகளை இறக்கி, கால் கழுவி, தண்ணீர் அருந்திய பின், குடும்பத்தார் முதலில் ஊர்த்தலைவர் வீட்டுக்கும், அடுத்து இமாம் வீட்டுக்கும், பிறகு வயதில் மூத்தவர்கள் இருக்கும் வீடுகளுக்கும் அழைத்துச்செல்லப்படுகிறார்கள். கையில் கோலாக் கொட்டை கொண்டுபோவது முறை. காட்டு மரமொன்றில் விளையும் இந்தக் கசப்பான கொட்டையை முதியோர் மென்று சுவைப்பார்கள், பெண் கேட்பது முதல் பூசல் தீர்ப்பது வரை எந்த நிகழ்வுக்கும் அது முன்னே செல்லும். செனகல் வணக்கம் ஒற்றைச் சொல்லில் முடிவதில்லை. அமைதி வாழ்த்தில் தொடங்கி, நலம் கேட்டு, வீட்டாரின் நலம், தாயின் நலம், தந்தையின் நலம், உடன்பிறந்தாரின் நலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அவர்கள் அங்கே நலம் என்ற விடையைப் பெற்று, அதன் பிறகே வந்த காரியம் பேசப்படுகிறது. ஓராண்டுக்கும் மேலாக ஊரார் நாள்தோறும் நலம் கேட்டுவந்த அதே தாயும் தந்தையும் அன்று கண்முன் அமர்ந்திருக்கிறார்கள். முதியவர்கள் உள்ளங்கைகளை விரித்து வேண்டுதல் சொல்ல, சுற்றியிருப்போர் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொள்ள, மதம் எதுவானாலும் வந்தவர்களும் அதைப் பின்பற்றுகிறார்கள். இத்தனை வீடுகளிலும் இத்தனையும் நடப்பதற்கு ஒரு முழு மாலைப்பொழுது ஆகும். களைப்பைக் காரணம் காட்டி இதை மறுநாளுக்குத் தள்ளிவைப்பது நல்லதல்ல. ஒரு வீடு விடுபட்டால் அது நினைவில் நிற்கும்.

அதன் பிறகு உணவு. செனகலின் தேசிய உணவாகக் கருதப்படும் செபு ஜென், மீனும் காய்கறிகளும் தக்காளிச் சாறும் சேர்த்து ஆக்கும் சோறு. சான் லூயி நகரத்துச் சமையல் பெண் பெந்தா ம்பாய் என்பவர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அது, 2021 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. குறுநொய் அரிசியில் ஆக்கினால்தான் அதற்குச் சுவை என்பது அந்நாட்டார் கருத்து. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீனாவிலிருந்து வந்திறங்கிய நொய்யால் உருவான அந்த ருசிக்கு, அண்மைக் காலத்தில் இந்தியாவிலிருந்து செல்லும் நொய்யே பெருமளவு தீனி போடுகிறது. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது செனகலின் சமையலறைகள் வரை அதன் அதிர்வு சென்றது. உள்நாட்டு ஊர்களில் கடல்மீன் கிடைப்பது அரிது. கம்பு, சோளம், வேர்க்கடலைக் குழம்பு, கீரைக் குழம்பு, புளித்த பால் ஆகியவையே அன்றாட உணவு. எந்த உணவானாலும் ஒரே பெரிய வட்டிலில் பரிமாறப்பட்டு, அதைச் சுற்றி அமர்ந்தவர்கள் வலக்கையால், தத்தம் முன்னாலுள்ள பகுதியிலிருந்து மட்டும் எடுத்து உண்கிறார்கள். வட்டிலின் நடுவில் வைக்கப்படும் மீனையும் காயையும் வீட்டுத் தலைவி தன் விரல்களால் பிட்டு, விருந்தினர் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பாள். தனித் தட்டில் தன் அளவைத் தானே தீர்மானித்து உண்டு பழகிய அமெரிக்கத் தந்தைக்கு, தன் பங்கு குறையக் குறைய நிரம்புவது வியப்பாக இருக்கும். போதும் என்று எத்தனை முறை சொன்னாலும் இன்னும் உண்ணச் சொல்வதே மரபு. உணவுக்குப் பின் அத்தாயா எனப்படும் தேநீர்: சீனப் பச்சைத் தேயிலையைச் சிறு கெட்டிலில் கரியடுப்பில் காய்ச்சி, நுரை எழும்பும்வரை கோப்பைக்குக் கோப்பை மாற்றி ஊற்றி, மூன்று சுற்றுகளாகத் தருகிறார்கள், முதல் சுற்று கடுப்பும் கசப்புமாகவும், அடுத்தடுத்தவை இனிப்பு ஏறியும் இருக்கும். மூன்றும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், முடிவதற்குள் எழுந்து போகக் கூடாது.

இந்த விருந்தின் செலவு யாருடையது என்பதுதான் இந்தப் பகுதியில் மிகவும் கவனத்துக்குரிய கேள்வி. தெராங்கா என்ற சொல்லால் செனகல் மக்கள் தங்கள் விருந்தோம்பல் பண்பைப் பெருமையுடன் குறிப்பிடுகிறார்கள். சுற்றுலா விளம்பரங்களும் தேசியக் காற்பந்து அணியின் செல்லப்பெயரும் அதைச் சுமக்கின்றன. ஆனால் பண்பு என்று போற்றப்படுவதற்குள் உழைப்பும் தானியமும் அடங்கியிருக்கின்றன. விருந்தினருக்காக ஆடு அறுக்கப்பட்டால் அது ஒரு குடும்பத்தின் கையிருப்பு. பணமுடை வரும் நாளில் சந்தைக்கு ஓட்டிச்செல்வதற்காக வளர்த்தது. விருந்தினர் குளிக்க வைக்கும் வாளித் தண்ணீர் கிணற்றிலிருந்து ஒரு பெண் இறைத்துத் தலையில் சுமந்துவந்தது. கம்பை உரலில் இடிப்பதும் விறகு கொண்டுவருவதும் மருமகள்களின் வேலை. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் உள்ள வீட்டில் சமையல் முறை வைத்து நடக்கிறது. ஒரு மனைவிக்கு இரண்டு நாள், அடுத்தவளுக்கு இரண்டு நாள் என்று முறை மாறும். முறைக்குரியவளிடம் அன்றைய சமையல் செலவுக்கான பணத்தைக் கணவர் தருகிறார். விருந்தினர் நான்கு நாள் தங்கினால், யார் முறையில் ஆடு வெட்டப்பட்டது, யார் முறையில் வெறும் கீரைக் குழம்பு வைக்க நேர்ந்தது என்பது அந்த வீட்டுக்குள் பேசப்படாமல் இருப்பதில்லை. இதை அறிந்த தொண்டர், குடும்பத்தார் வருவதற்குச் சில நாட்கள் முன்பே அருகிலுள்ள சந்தையில் ஒரு மூட்டை அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் தேயிலையும் வாங்கிவந்து, அதைப் பரிசு என்றோ ஈடு என்றோ சொல்லாமல், பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவருவதைப் போல வைத்துவிடுகிறார். சமையல் பணத்தையும் முறைக்குரிய ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியே சேர்க்கிறார். விருந்து முடிந்த பிறகு வந்தவர்கள் டாலரை எண்ணிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேலானது. விருந்தோம்பியவரிடம் விலை பேசியதாக அந்த டாலர் பொருள்படக்கூடும். முன்கூட்டி வந்த அரிசி மூட்டையோ அவர்களுடைய கையை உயர்த்திவிடுகிறது.

வரும் பருவமும் இதனோடு சேர்ந்தது. செனகலில் மழை ஜூன், ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை நீடிக்கிறது. முந்தைய அறுவடையின் தானியம் தீர்ந்து, புதிய கதிர் முற்றாமல் இருக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலம் பசிக்காலம். களைவெட்டும் வேலையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளின் கோடை விடுமுறை ஏறத்தாழ அதே மாதங்களில் விழுவது ஒரு தீய தற்செயல். தம்பி தங்கையர் அப்போதுதான் வர முடியும் என்று தொண்டரின் குடும்பம் கேட்பது இயல்பே. ஆயினும் வெறுமையான தானியக் குதிருக்குப் பக்கத்தில் நின்று நான்கு பேருக்குக் கூடுதலாகச் சோறு ஆக்கும் நிலையை ஊர்த் தாய்க்கு ஏற்படுத்தும் உரிமை யாருக்கும் இல்லை. வேர்க்கடலை அறுவடை முடிந்து, கையில் காசு புழங்கி, வெயில் தணிந்திருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே இரு தரப்பாருக்கும் ஏற்றது. தபஸ்கி எனப்படும் தியாகத் திருநாளை ஒட்டி வருபவர்கள் ஊரின் மகிழ்ச்சியை முழுமையாகக் காண்பார்கள். வீட்டுக்கு வீடு ஆட்டுக்கிடாய் வாங்கவும் புத்தாடை தைக்கவும் கடன்படும் நாட்களும் அவையே என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

பரிசுப்பொருள் விஷயத்தில் அமெரிக்கப் பெற்றோரின் நல்லெண்ணம் பெரும்பாலும் தவறான வழியில் செல்கிறது. பழைய உடைகள், மிட்டாய்ப் பொட்டலங்கள், விளையாட்டுப் பொருட்கள் என்று பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து முற்றத்தில் நின்று பிள்ளைகளுக்கு வாரி வழங்கும்போது, வெள்ளையர் வந்தால் கைநீட்ட வேண்டும் என்ற பாடத்தை அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். தொண்டர் ஓராண்டாகப் பாடுபட்டு மாற்ற முயன்ற எண்ணம் ஒரே மாலையில் திரும்பவும் வலுப்பெற்றுவிடுகிறது. அடுத்த தெருவில் ஒன்றும் பெறாத வீடுகள் இருப்பதும் மறந்துபோகிறது. அனுபவமுள்ள தொண்டர்கள் வேறுவிதமாக வழிகாட்டுகிறார்கள்: மனைவியர் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் ஒரே தரத்தில் ஒரே அளவில் துணி, ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாக, பள்ளி ஆசிரியர் பொறுப்பில், ஒரு காற்பந்து, வீட்டாருக்கு நிழற்படத் தொகுப்பு. கடைசியாகச் சொன்னதற்குச் செனகல் வீடுகளில் தனி மதிப்புண்டு. தொண்டரின் பாட்டி, அவர் படித்த பள்ளி, பனி மூடிய வீட்டு வாசல் ஆகியவை அந்தப் படங்கள் வழியே ஊருக்குள் கைமாறி, பிற விருந்தினர்களிடமும் எடுத்துக் காட்டப்படுகின்றன. மறுதிசையில் வரும் பரிசுகளை மறுக்கக் கூடாது. உயிருடன் கால் கட்டிய கோழி, ஒரு சாக்கு வேர்க்கடலை, சுரைக்குடுவைப் பாத்திரம், ஊர்த் தையற்காரர் ஒரே துணியில் வீட்டாருக்கும் வந்தவர்களுக்கும் சேர்த்துத் தைத்த உடை ஆகியவை வழக்கமாகக் கிடைப்பவை. இவ்வளவு இல்லாதவர்களிடமிருந்து எப்படி வாங்குவது என்று தயங்கும் விருந்தினர், கொடுப்பதற்கு அவர்களுக்குள்ள தகுதியைத் தம்மை அறியாமல் மறுக்கிறார்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் தொண்டருக்கு ஓய்வில்லாத ஒரு வேலை இருக்கிறது. வோலோஃப், புலார் அல்லது மந்திங்கா ஒரு பக்கம், ஆங்கிலம் மறுபக்கம், இரண்டுக்கும் இடையில் காலையிலிருந்து இரவு வரை அவரே வாய். ஓரளவு பிரெஞ்சு தெரிந்த இளைஞர் ஒருவர் அருகில் இருந்தால் சற்று ஆறுதல். சொற்களை மாற்றுவது இதில் எளிய பகுதி. உங்கள் மகளுக்கு இன்னும் ஏன் மணம் முடிக்கவில்லை, இங்கேயே ஒரு மாப்பிள்ளை பார்க்கட்டுமா, என் மகனை உங்களோடு அமெரிக்காவுக்கு அழைத்துச்செல்லுங்கள் என்பன போன்ற பேச்சுகளில் கேலி எவ்வளவு, விருப்பம் எவ்வளவு என்பதைக் குரலை வைத்தே அறிய முடியும். அந்தக் குரலை மொழிமாற்ற முடியாது. மறுபக்கத்தில், இந்தக் கிணற்று நீரைத்தான் என் மகள் குடிக்கிறாளா என்று தாய் கலக்கத்துடன் கேட்கும் கேள்வியை அப்படியே மாற்றிச் சொன்னால் வீட்டுத் தலைவியின் மனம் புண்படும். மழுப்புவது, விடுவது, சேர்ப்பது என்று மூன்றையும் செய்யும் தொண்டர் ஒவ்வொரு இரவும் ஓய்ந்துபோகிறார். இரு பெற்றோரும் நேருக்கு நேர் பேசும் சில வாக்கியங்களை மட்டுமாவது அவர் குறைக்காமலும் கூட்டாமலும் சொல்ல வேண்டும். ஊர்த் தகப்பனார், உங்கள் பிள்ளையை எங்கள் பிள்ளையாக வைத்திருக்கிறோம், காய்ச்சல் வந்த நாளில் இரவெல்லாம் விழித்திருந்தோம் என்று கூறுவதும், அதற்கு அமெரிக்கத் தகப்பனார் மறுமொழி சொல்வதும் அந்த வருகையின் மையம். பீஸ் கோரின் இரண்டாம் நோக்கமும் மூன்றாம் நோக்கமும் ஒரே பாயில் அமர்ந்து நிறைவேறுவது அந்தச் சில நிமிடங்களில்தான். எந்தப் பயிற்சிப் பட்டறையும் இதை ஈடுசெய்யாது.

வருகைக்குப் பிறகு தொண்டரின் நிலை ஊரில் மாறிவிடுகிறது. அதுவரை அவர் எவ்வளவு நேசிக்கப்பட்டாலும், எங்கிருந்தோ தனியாக வந்த, இரண்டாண்டில் போய்விடப்போகும் இளைஞர். குடும்பத்தைக் கொண்டு மனிதரை எடைபோடும் சமூகத்தில், முன்னும் பின்னும் ஆளில்லாத ஒருவருடைய சொல் எளிதில் தட்டிக்கழிக்கப்படுகிறது. தாயும் தந்தையும் கடல் கடந்து வந்து, ஊர்த்தலைவர் முன் அமர்ந்து, கோலாக் கொட்டை தந்து, வேண்டுதல் பெற்றுச் சென்ற பிறகு, அவர் இன்னாருடைய பிள்ளை என்று ஆகிவிடுகிறார். விதை வங்கி, தாய்மார் கூட்டம், பள்ளித் தோட்டம் என்று அவர் பேசவரும் காரியங்களுக்கு ஊர்ச் சபையில் காது கிடைக்கிறது. விடுப்புப் பதிவேட்டில் கழிக்கப்பட்ட அந்த நாட்களைப் பணி நாட்களாகவே கருதுவது பொருத்தம்.

ஆனாலும் இந்த உறவில் ஒரு கோணல் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர் செனகலுக்கு 90 நாட்கள் வரை விசா இல்லாமலே வரலாம். ஊர்த் தகப்பனார் தம் அமெரிக்க மகளின் வீட்டைப் பார்க்க விரும்பினால், 2025 வரை, கட்டணம் செலுத்தி, டக்காரிலுள்ள தூதரகத்தில் நேர்காணலுக்கு நின்று, திரும்பி வருவதற்கான பொருளாதாரப் பிடிப்பு தமக்கு இருப்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மாதச் சம்பளமோ வங்கிக் கணக்கோ இல்லாத உழவரால் அது அநேகமாக இயலாத காரியமாகவே இருந்தது. விருந்தோம்பல் என்பது மாறி மாறி நிகழ வேண்டிய ஒன்று என்று நம்பும் மக்களிடமிருந்து பெறப்படும் விருந்து, திருப்பித் தர வழியில்லாமல் ஒரு பக்கத்திலேயே தேங்கிவிடுகிறது. விடைபெறும்போது செனகலில் நெடும்பயணம் செல்பவர்கள் இடக்கையால் கைகுலுக்குகிறார்கள். வலக்கையே மரியாதைக்குரியது ஆதலால், இந்த முறைகேட்டைச் சரிசெய்ய மீண்டும் சந்தித்தே ஆக வேண்டும் என்பது அதன் கருத்து. யார் திரும்பி வர முடியும் என்பதை இரு தரப்பும் அறிந்தே அந்தக் கையை நீட்டுகின்றன.

திருப்பித் தர இயலாத இந்தக் கடனுக்கு ஊரார் தாமே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்து ஒரு வாரத்தில் ங்கெந்தே எனப்படும் பெயர்சூட்டு விழா நடக்கிறது. தொண்டருடைய பெயரையோ, வந்து சென்ற தாய் தந்தையின் பெயரையோ ஒரு குழந்தைக்குச் சூட்டுவதுண்டு. பெயரைப் பெற்ற குழந்தைக்கும் பெயருக்குரியவருக்கும் இடையில் வாழ்நாள் உறவு ஏற்படுகிறது: பிறந்தபோது துணியும் சோப்பும், தபஸ்கிக்குப் புத்தாடை, பள்ளியில் சேரும்போது நோட்டுப் புத்தகம், பெண்ணானால் மணத்தின்போது சீர் என்று பெயருக்குரியவர் செய்ய வேண்டியவை பல. ஐயோவாவிலோ ஓரிகனிலோ இருக்கும் ஒரு பாட்டி, தம் பெயர் கொண்ட பெண் குழந்தைக்கு ஆண்டுதோறும் தபஸ்கிக்கு முன்பாகப் பணம் அனுப்ப வேண்டியவர் ஆகிறார். அனுப்பத் தவறினால் கெதுகுவிலிருந்து தொலைபேசி வரும், முதலில் வீட்டார் ஒவ்வொருவருடைய நலமும் விசாரிக்கப்படும், அதன் பிறகே காரியம் பேசப்படும்.

(தொடரும்)